பதினோரு மணியை அழித்தது யார்?

காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் அவள் எடையைப் பார்க்கமாட்டாள். அவர் விரலைப் பார்ப்பாள். "உன்னக் கட்டிக்கிட்ட நாளா நான் குறுக்கு விசாரணையிலதான் இருக்கேன்" என்று கணவர் புலம்புவார். அலுவலக வரவேற்பு மேசையில் பதினான்கு வருடம் உட்கார்ந்த பிறகு, அங்கேயும் அவளுக்கு 'சிஐடி அக்கா' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. கண்ணை மூடி நம்புவதைவிட வாயைத் திறந்து கேட்பது மேல் என்பது அவள் கட்சி.

நான்கு கூட்ட அறைகளை யாருக்கு எப்போது ஒதுக்குவது என்பது அவள் பொறுப்பு. அறைகளுக்கென்று ஒரு முன்பதிவு மென்பொருள் இருந்தது. எல்லோரும் கூட்டங்களைக் குறித்துவைக்கும் அலுவலக நாட்காட்டி தனியாக இருந்தது. போன மாதம் இரண்டையும் இணைத்தார்கள். இனி நாட்காட்டியில் கூட்டம் போட்டால் அறை தானே பதிவாகும். கதவருகே உள்ள சிறு திரையில் நேரமும் தலைப்பும் வரும்.

மறுவாரமே பதிவுகள் மாயமாகத் தொடங்கின. துப்புரவுப் பணியாளர்கள் தங்கள் வேலை நேரத்தைப் பற்றிப் பேசப் பதினோரு மணிக்கு இரண்டாம் அறையைப் போட்டிருந்தார்கள். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு துறைத்தலைவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மேலாளர் அவளைக் கூப்பிட்டார். "மெஷின் தப்பு பண்ணாதும்மா. அடுத்தவங்க பதிவ அழிக்கிற அனுமதி உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. புதுசா வந்தது உங்களுக்குப் பிடிக்கல."

"அப்படின்னு நான் எப்ப சார் சொன்னேன்?"

"முகமே சொல்லுதே."

வியாழக்கிழமை விசாரணை, வேலை போகலாம் என்றது மறுநாள் வந்த கடிதம். ஒருத்தியின் பதினான்கு வருட உழைப்புக்கு எதிராக அவர்கள் வைத்த சாட்சி, அவள் முகம்!

"அந்த ரூமுக்கே ராசியில்லடி" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"ராசியில்லாத ரூமு, கீழ இருக்கறவங்களா பாத்து மட்டும் எப்படிடி பிடிக்கும்?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே பொறி தட்டியது. காணாமல்போன ஏழு பதிவுகளையும் எழுதிப் பார்த்தாள். ஏழும் கடைநிலை ஊழியர்களுடையவை. ஏழு இடத்திலும் பிறகு வந்து உட்கார்ந்தது ஓர் அதிகாரி. இணைப்பு வேலை செய்த மென்பொருள்காரரை மடக்கினாள்.

"நாட்காட்டியோட சேக்கறப்ப புதுசா என்ன போட்டீங்க?"

"சொன்னதத்தான் போட்டேன்க்கா."

"யாரு சொன்னது?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டார். அவளுக்கு அது போதும்.

வியாழக்கிழமை, மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநரும் மேலாளரும். பின்னால் மென்பொருள்காரர். அவள் தன் போனை மேசைமேல் வைத்தாள். "சார், நாளைக்குப் பதினோரு மணிக்கு இதே ரூம என் பேர்ல போட்டிருக்கேன், பாருங்க. அதே நேரத்துக்கு உங்க போன்ல நீங்க போடுங்க. என் ரெண்டு கையும் இங்கதான் இருக்கு."

இயக்குநர் போட்டார். மூவர் பார்த்திருக்க, அவள் பதிவு சத்தமில்லாமல் மறைந்து அவர் பெயர் வந்தது.

"அது செட்டிங்ல ஒரு டிக் சார்" என்று இழுத்தார் மென்பொருள்காரர். "மேல்பதவிக்கு வழிவிடுன்னு. யாருக்கும் தகவல் போகாது." அவர் கண் மேலாளர் பக்கம் போனது.

"ஒரு வசதிக்காகத்தான்..." என்றார் மேலாளர்.

"தொழில்நுட்பக் கோளாறுன்னு எழுதி முடிச்சிடலாம்மா" என்றார் இயக்குநர்.

"கோளாறு தானா வரும் சார். டிக்க கை வச்சுத்தான் போடணும்."

அங்கேயே டிக்கை எடுத்தார்கள். விசாரணையும் முடிந்தது. வெளியே வந்ததும் அவள் மேலாளரை நிறுத்தினாள். "என்னத் திருடி மாதிரி நிக்க வச்சீங்களே, அதுக்கு எழுத்துல மன்னிப்பு வேணும்."

"பாக்கலாம், நேரம் கிடைக்கட்டும்."

"நேரம் ஒதுக்கறதுதான சார் என் வேலை?"

திங்கட்கிழமை காலை இரண்டாம் அறைத் திரையில் இப்படி இருந்தது: 'வரவேற்பு மேசைப் பணியாளரிடம் மேலாளர் மன்னிப்பு. பத்து மணி. பதினைந்து நிமிடம்.' துப்புரவுப் பணியாளர்கள் துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டு நின்று படித்தார்கள். மேலாளர் தன் அறையிலிருந்து அதே நேரத்துக்கு வேறு கூட்டம் போட்டுப் பார்த்தார், இரண்டு முறை. 'இந்த நேரம் ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்றது நாட்காட்டி.

பத்து அடித்து நான்கு நிமிடத்தில் கதவு திறந்தது. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் காகிதம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. கையெழுத்து இருக்கிறதா என்று வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.