ஈரத்துணியால் துடைத்த முட்டைகள்

நாமக்கல்லிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்து, ஊருக்கு வெளியே முட்டைக்கோழிப் பண்ணை போட்டதிலிருந்து எங்களுக்கு ஒரு பெருமை. எங்கள் முட்டைதான் தட்டில் பளபளவென்று இருக்கும். அடுக்கும் முன் ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைப்போம். எச்சம் பட்ட அதே துணியால் எல்லாவற்றையும் துடைத்தால் கிருமியை நாமே பூசிவிடுகிறோம் என்று கோழி டாக்டர் சொன்னபோதுதான் எங்கள் பெருமையின் லட்சணம் விளங்கியது. பரிசோதனையில் எச்சத்திலும் முட்டையிலும் சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி. எங்கள் கொட்டகை முட்டை ஒன்றுகூட வெளியே போகக்கூடாது என்றார்.

என் வீட்டுக்காரர் நம்பவில்லை. கோழிகள் நன்றாகத் தின்றன, நன்றாக முட்டையிட்டன. "நோவு வந்த கோழி இப்படியா கொக்கரிக்கும்? அட போ புள்ள!" என்று, மறுநாள் காலை போவன்பள்ளி மாணவியர் விடுதிக்குப் போகும் வண்டியில் தட்டுகளை ஏற்றிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"ஏனுங்க, புள்ளைங்க திங்கறது. வயித்தால போயி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"வேக வெச்சுத்தான திங்கறாங்க?"

"ஆஃப்பாயில் கேக்கறவளுக்கு? தலைகீழா நின்னாலும் சாவி கெடைக்காதுங்க."

அவரும் லேசுப்பட்டவரா? தினமும் பச்சை முட்டை குடிக்கிற ஆள். ஏற்றிய தட்டிலிருந்து ஒன்றை எடுத்து டம்ளரில் உடைத்து ஊற்றினார். "நானே குடிக்கறன், பாரு."

பிடுங்கப் போனேன், கையை விலக்கிக்கொண்டார்.

அப்போது பள்ளிச் சீருடையில் எங்கள் மகள் ஓடி வந்தாள். அப்பா டம்ளரில் அவளுக்கும் எப்போதும் ஒரு வாய் உண்டு. "நாக்கூ காவாலி, நான்னா!" என்று கையை நீட்டினாள். எனக்கும் வேண்டும் அப்பா என்பதைக்கூடத் தெலுங்கில்தான் சொல்வாள்.

அவர் டம்ளரைச் சட்டென்று தலைக்கு மேலே தூக்கினார். அவள் எம்பினாள். "வேண்டாஞ் சாமி, உனக்கு வேண்டாம்" என்றார்.

"அங்க இருக்கறதும் யாரோ பெத்த புள்ளைங்கதானுங்க" என்றேன்.

அவர் டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். பிறகு விடுதிக்குப் போன் போட்டார். டாக்டர் சொல்லும் முன் நேற்று இறக்கிய முட்டையையும் யாரும் தொட வேண்டாம், எங்கள் கோழிக்கு நோய் என்று வாய்விட்டுச் சொன்னார். யாராவது ஏற்கெனவே சாப்பிட்டார்களா என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.