யாரையும் விடாத மெஷின்

பத்து விரல்களும் கீபோர்டின் மேல் நின்றன. அவசரம் எதுவும் இல்லை. அடித்த கட்டளை: பெர்ஃப், ரெக்கார்டு, ஒரு சின்னக் கோடு, அதை ஒட்டி ‘ஏ’ என்ற எழுத்து. அந்த ‘ஏ’ இருந்தால் கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற அத்தனையும் பதிவுக்குள் வந்துவிடும். அடித்ததை இன்னொரு முறை படித்துப் பார்த்த பிறகுதான் சுண்டுவிரல் என்டரைத் தொட்டது.

“கரண்ட் போயிடுச்சாம்மா? ஸ்கிரீன் கருப்பா இருக்கே” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“கரண்ட் இருக்குது சார். எழுத்து தெரியுது பாருங்க.”

“ஒரு படம்கூட இல்ல. போன தடவ வந்த பையன் கலர் கலரா காட்டுனான்.”

“காட்டிட்டு?”

“ஃபார்மட் போட்டான்.”

“சரியாச்சா?”

“ஒரு வாரம் சரியா இருந்தாப்ல இருந்துச்சு.”

குரலுக்குச் சொந்தக்காரர் தணிகாசலம். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் சின்னதாக ரஸ்க் கம்பெனி நடத்துபவர். விரல்கள் ஹேமலதாவுடையவை. நோணாங்குப்பத்துக்காரி. அம்மா தனம் மீன் வியாபாரம். ஹேமலதா படித்தது பி.காம். கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது அரியாங்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில், வேலைக்குப் போன இடத்தில். அங்கிருந்த பழைய கம்ப்யூட்டர்கள் படம் காட்டச் சொன்னால் மூச்சு வாங்கும். அதனால் கருப்புத் திரையில் எழுத்தாலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகினாள். ஒவ்வொரு கட்டளைக்கும் கூடவே வருகிற விளக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பாள். புதுச்சேரியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர்கள் பலரும் முதலில் சொல்லும் வைத்தியம் ஃபார்மட், அதாவது இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது. அவள் அளந்து பார்க்காமல் எதையும் தொட மாட்டாள். “கத்தி எடுக்காத டாக்டரு” என்று தனம் கிண்டல் செய்வதுண்டு.

தணிகாசலத்தின் கம்பெனிக்கு இருந்த நோய் இதுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இந்தக் கம்ப்யூட்டர் ஓட்டுகிற லேபிள் மெஷின் திணறும். தேதியும் பேட்ச் நம்பரும் அடிக்க வேண்டிய ஸ்டிக்கர் பாதி வந்து நின்றுவிடும். லேபிள் ஒட்டாத பெட்டிகள் வாசல் வரை அடுக்கிக் கிடக்கும். மெஷினில் உட்காருகிற அஞ்சலாட்சி தூங்குகிறாள் என்பது முதலாளியின் முடிவு. சரியாகவில்லை என்றால் ஒண்ணாம் தேதியிலிருந்து வேறு ஆள் என்று சொல்லியும் விட்டார்.

“இது என்னா செய்யும்?” என்று கருப்புத் திரையைக் காட்டிக் கேட்டார்.

“கண் சிமிட்டுற நேரத்துக்குள்ள பல தடவ எட்டிப் பாக்கும் சார். அந்த நேரத்துல யாரு வேலை வாங்குறாங்கன்னு குறிச்சுக்கும். கடைசியில, யாரு அதிகமா இழுக்குறாங்களோ அந்தப் பேரு மேல வரும்.”

“யாரையும் விடாதா?”

“யாரையும் விடாது.”

அவள் சொன்னது கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற புரோகிராம்களை. தணிகாசலம் நேராக ஷெட்டுக்குள் போய்க் கையைத் தட்டினார்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. மெஷின் ஒண்ணு போட்டிருக்கேன். யாரு என்னா செய்யுறாங்கன்னு எல்லாத்தையும் குறிக்குது. யாரையும் விடாது. மேல யாரு பேரு வருதோ, அந்த ஆள மாத்திடுவேன். இது சத்தியம்.”

ஹேமலதா எழுந்து வந்து திருத்துவதற்குள் கம்பெனி மாறிவிட்டது. பெட்டி தூக்குகிற அரிகிருஷ்ணன் வழக்கமான வழியை விட்டு, மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் முன்னால் சுற்றிக்கொண்டு போனார். அங்கே வந்ததும் பெட்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். டீக்கு யாரும் நகரவில்லை.

“ஏம்மா, பாத்ரூம் போனா குறிக்குமா?” என்றார் அரிகிருஷ்ணன்.

“உங்கள இல்லண்ணே, கம்ப்யூட்டருக்குள்ள ஓடுறத.”

“அப்படித்தான் சொல்லுவ” என்று அவர் போகாமலேயே திரும்பினார்.

தணிகாசலம் நாற்காலியைப் போட்டு ஷெட்டு நடுவில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டைக்கூட வீட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டார். லேபிள் மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஹேமலதா பதிவை நிறுத்தி அறிக்கையைத் திறந்தாள். கம்ப்யூட்டர் பெரும்பாலும் சும்மா இருந்திருக்கிறது. குறை சொல்ல ஒரு பேரும் இல்லை.

“பாத்தியாம்மா?” தணிகாசலம் எழுந்து நின்றார். “ஒழுங்கா வேலை செஞ்சா ஓடுது. மெஷின்ல ஒண்ணும் இல்ல. ஆள்தான்.”

அஞ்சலாட்சி முகம் சுருங்கிப் போனாள். நல்லது செய்ய வந்த பெண் தன் வேலைக்கே உலை வைத்துவிட்டாள் என்று நினைத்திருப்பாள். முதலாளி போனதும் ஹேமலதா அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“அக்கா, நல்லா யோசிச்சு சொல்லுங்க. எப்பவும் நடக்குறது எது இன்னிக்கி நடக்கல?”

“அரிகிருஷ்ணன் பீடி புடிக்கல.”

“அப்புறம்?”

“மொதலாளி வூட்டுக்குப் போகல. எப்பவும் மத்தியானம் அரியாங்குப்பம் போயி, சாப்புட்டு, படுத்து எழுந்துதான் வருவாரு. இன்னிக்கி கல்லாட்டம் இங்கியே குந்தினு இருந்தாரு.”

ஊரில் பாதிக் கடை மதியம் கதவைச் சாத்திப் படுக்கிற இடத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஹேமலதா எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் முதலாளியிடம் போனாள். “சார், நீங்க எப்பவும்போல வீட்டுக்குப் போயிடுங்க.”

“நான் போனா இதுங்க ஆடுமே!”

“அதான் யாரையும் விடாத மெஷின் இருக்கே சார்.”

நம்பிப் போனார். ஹேமலதா அதே கட்டளையை அடித்துவிட்டு அம்மா கட்டித் தந்த சோற்றைப் பிரித்தாள். சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் லேபிள் மெஷின் ஒரு ஸ்டிக்கரைப் பாதி துப்பி நின்றது. அஞ்சலாட்சி கன்னத்தில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்களுக்குத் தூங்குவது போலத்தான் இருந்தது.

“பதிவ நிறுத்திப் பாரும்மா!”

“கொஞ்சம் இருங்கக்கா. நல்லா திணறட்டும். அப்பதான் பேரு சுத்தமா வரும்.”

கொஞ்ச நேரம் விட்டுப் பதிவை நிறுத்தி அறிக்கையைத் திறந்தாள். லேபிள் புரோகிராம் எங்கோ அடியில் கிடந்தது. மேலே, கம்ப்யூட்டரின் பலத்தில் முக்கால் பங்கைத் தின்றுகொண்டு, ஷெட்டில் மாட்டியிருக்கிற கேமராக்களின் வீடியோவைப் போனுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற புரோகிராம். அந்த வீடியோவை யார் கேட்கிறார்கள் என்று இன்னொரு கட்டளையில் பார்த்தாள். கேட்பது ஒரே ஒரு போன். அதற்கு வைத்திருந்த பேர்: எம்.டி.

அந்த நேரம் பார்த்து ஹேமலதாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“பாரு! அந்தம்மாவ பாரு! கன்னத்துல கைய வச்சுத் தூங்குது! எட்டு கேமராவுலயும் பாத்துக்கினுதான் இருக்கேன்!”

“படுத்துக்கிட்டா சார் பாக்குறீங்க?”

“பின்ன? தூக்கம் எங்க வருது? தெனமும் இதே பொழப்பு.”

“சார், அந்த கேமரா ஆப்ப மட்டும் ஒரு நிமிஷம் மூடுங்க.”

மூடினார். மீதிப் பாதி ஸ்டிக்கர் கிர்ரென்று வெளியே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று.

“இப்ப தெறங்க.”

மெஷின் நின்றது. அரிகிருஷ்ணன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

“மூடுங்க.”

ஓடியது.

“மொதலாளி, இன்னொரு தடவ தெறங்க” என்றார் அரிகிருஷ்ணன், ஆசையாக.

“நான் பாக்குறதாலயா நிக்குது?” என்று கேட்டது மறுமுனை.

“ஆமா சார். அக்கா தூங்கல. நீங்க பாத்ததால மெஷின் நின்னுச்சு, நின்னதால அவங்க சும்மா குந்தியிருந்தாங்க, சும்மா குந்தியிருந்ததால நீங்க இன்னும் பாத்தீங்க.”

“எதுவா இருந்தாலும் எழுத்துல குடு. வரேன்.”

அவர் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி வருவதற்குள் ஹேமலதா வீடியோ புரோகிராமுக்கு ஒரு வரம்பு கட்டினாள். லேபிளுக்குப் போக மிச்சம் இருப்பதைத்தான் அது இனி எடுக்கும். அவர் எழுத்தில் கேட்டதை அடிக்கக் கம்பெனியில் லேபிள் மெஷினைத் தவிர வேறு பிரிண்டர் கிடையாது. அவள் சொல்லச் சொல்ல அஞ்சலாட்சி தட்டினாள். ஸ்டிக்கர் ஒரே மூச்சில் வந்தது.

தணிகாசலம் உள்ளே வந்தபோது எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே இருந்தார்கள்.

“மேல வந்த பேர மாத்திடுவேன்னு சத்தியம் பண்ணீங்க மொதலாளி” என்றார் அரிகிருஷ்ணன், அவர் பக்கம் திரும்பாமலே.

“யோவ், பெட்டியத் தூக்குய்யா.” அவர் அஞ்சலாட்சியைப் பார்க்காமல் அவளுடைய மெஷினைப் பார்த்துச் சொன்னார்: “ஒண்ணாம் தேதி விஷயம்லாம் ஒண்ணும் இல்ல. நீயே இரு.”

“நீங்களும் இருங்க மொதலாளி” என்றாள் அஞ்சலாட்சி.

“அப்ப நான் கேமராவே பாக்கக் கூடாதாம்மா?”

“பாக்கலாம் சார். கொஞ்சம் விட்டு விட்டு வரும், அவ்ளோதான். அந்த நேரத்துக்குக் கண்ண மூடிக்குங்க, தூக்கம் வந்துடும்.”

ஹேமலதா ஸ்டிக்கரை ஓரத்தில் பிடித்து மெதுவாக உரித்து அவரிடம் நீட்டினாள். வாங்கும்போதே அது அவர் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. கையைத் திருப்பித் திருப்பிப் படித்தார். ‘லேபிள் தாமதத்துக்குக் காரணம்: எம்.டி. போன், எட்டு கேமரா.’ அதற்கடியில், எல்லா ரஸ்க் பெட்டிக்கும் மெஷின் தானாகவே போடுகிற வரி: ‘ஈரம் படாத இடத்தில், காற்றுப் புகாமல் வைக்கவும்.’