பாடத்திட்டத்தில் இல்லாத பக்கம்

ஜெபராணி முப்பத்தொரு வருடம் கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். தமிழில் மதிப்பெண் குறைந்துவிடும் என்று பயந்தவர்களும், தமிழ் எழுதவே வராதவர்களும்தான் அவர் வகுப்புக்கு வருவார்கள். என் பெயர் இது, என் வீடு இங்கே இருக்கிறது, நேற்று சந்தையில் தக்காளி வாங்கினேன் என்று சொல்லப் பழகுவதற்குள் இரண்டு வருடம் முடிந்துவிடும்.

இலக்கணப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வினைக்காலம் இருந்தது. ப்ளூ-க-பார்ஃபே து சப்ஜோங்க்திஃப் என்று பெயர். நடந்திருக்கலாம், ஆனால் நடக்காமல் போய்விட்டது என்பதைச் சொல்லப் பழைய எழுத்தாளர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். இன்றைக்குப் பிரான்ஸிலேயே யாரும் அதைப் பேசுவதில்லை. எந்தப் பெண்ணாவது அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டால், "அது சிலபஸ்ல இல்லம்மா, மூடு" என்பார் ஜெபராணி. உண்மையில் அது அவருக்கும் சரியாக வராது.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம், பழைய மாணவி அக்ஷயாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. அவள் லியோன் நகரத்தில் வேலை பார்க்கிறாள். 'மேம், இங்கே ஒரு பழைய நாவல் படிக்கிறேன். எல் ஃப்யூ வெனு என்று வருகிறது. வந்தாள் என்று நினைத்தேன். ஆனால் ஃப்யூவுக்கு மேலே கூரை மாதிரி ஒரு குறி போட்டிருக்கிறார்கள். அது எதற்கு மேம்?'

ஜெபராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். 'பழைய நடைம்மா, கண்டுக்காதே' என்று அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு இலக்கணப் புத்தகத்தை எடுத்தார். அந்தக் கூரை வந்தால் அவள் வந்தாள் என்று அர்த்தமில்லை, வந்திருக்க வேண்டியவள் வரவில்லை என்று அர்த்தம். அதைப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடிக்கவே அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது.

மறுநாளே ஒரு நோட்டு வாங்கினார். நாளுக்கு ஒரு வினைச்சொல். காலை ஆறு மணிக்கு டீ குடித்துவிட்டு, சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நான், நீ, அவள், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆறு வடிவத்தையும் சத்தமாகச் சொல்லுவார். பிறகு உட்கார்ந்து எழுதுவார். சிங்காநல்லூரில் மூன்றாவது மாடி வீடு. கல்யாணம் செய்துகொள்ளாதவர். தம்பி சென்னையில் இருந்தான், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும் நேரம் பார்த்துப் போன் செய்வான். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் கேட்ட ஒரே மனிதக் குரல் இந்த வினைச்சொற்களைச் சொல்லும் குரல்தான்.

போவது, வருவது, பிறப்பது, சாவது போன்ற சில சொற்களுக்கு மட்டும் தனி விதி உண்டு. யார் செய்தார்கள் என்பது அந்தச் சொல்லின் கடைசி எழுத்தில் தெரிந்துவிடும். பெண் என்றால் ஒரு எழுத்து கூடும். பெண்கள் பலர் என்றால் இரண்டு எழுத்து. கூட்டத்தில் ஒரே ஒரு ஆண் இருந்தாலும் பெண்ணுக்கான எழுத்து போய்விடும். புத்தகம் ஆணுக்கானதைத்தான் அச்சிட்டிருந்தது. போவது என்ற சொல்லை எழுதிய அன்று, 'நாங்கள்' என்ற வரிக்கு வந்ததும் ஜெபராணியின் பேனா நின்றது. நாங்கள் என்றால் யார் யார்? சிறிது நேரம் கழித்து, இரண்டு பெண்கள் போவதாக எழுதினார்.

அந்த இன்னொரு பெண் ரெஜினா.

புதுச்சேரியில் எம்.ஏ. படிக்கும்போது இருவரும் ஒரே அறை. படிப்பு முடிந்ததும், பிரான்ஸில் பள்ளிக்கூடங்களில் ஒரு வருடம் ஆங்கிலம் பேசப் பழக்கும் வேலை இருவருக்குமே கிடைத்தது. ஒரே ஊர், பக்கத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடம். கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் போய் ஒரே மாதிரி இரண்டு கம்பளிச் சட்டைகூட வாங்கிவிட்டார்கள். கிளம்புவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது ஜெபராணியின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ரெஜினா தனியாகப் போனாள். ஜெபராணியின் அப்பா படுக்கையிலேயே பதினோரு வருடம் இருந்தார்.

ரெஜினா அங்கேயே தங்கிவிட்டாள். மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். பனி எப்படி விழுகிறது, ரொட்டிக்கடைக்காரி என்ன சொன்னாள் என்று நான்கு பக்கம் இருக்கும். 'நீயும் இருந்திருந்தால்' என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி வரும். அப்பாவுக்குத் துணி மாற்றிவிட்டு வந்து அந்தக் கடிதங்களைப் படிப்பது ஜெபராணிக்குப் பொறுக்கவில்லை. ஆறாவது வருடம் வந்த ஒரு கடிதத்துக்குப் பதில் போடவில்லை. அடுத்ததற்கும் போடவில்லை. அதற்கப்புறம் கடிதம் வரவில்லை. ரெஜினா மறந்துவிட்டாள் என்றுதான் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். பதில் போடாதது தான்தான் என்பதை அந்த நோட்டு எழுதத் தொடங்கிய பிறகுதான் தனக்குத்தானே ஒப்புக்கொண்டார்.

நோட்டு தொடங்கி இரண்டு மாதம் இருக்கும். ஒருநாள் காலை அழைப்புமணி அடித்தது. கீழ்வீட்டு ராசாத்தாள் கையில் ஒரு சில்வர் டம்ளரோடு நின்றிருந்தார். உடுமலைப்பேட்டைப் பக்கத்துக்காரர். தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகன் கதிர்வேல் வீட்டோடு வந்துவிட்டவர். மகனும் மருமகளும் காலையில் ஆபீஸுக்குப் போனால் வீடு திரும்ப இருட்டிவிடும்.

"ஏனுங்க டீச்சரம்மா, ஒடம்புக்குச் சுகமில்லீங்களா?"

"நல்லாத்தானே இருக்கேன். ஏனுங்க?"

"இல்லீங்க, தெனமும் காலங்காத்தால ஜூஸு, ஜூஸுன்னு சத்தம் கேக்குதுங்க. சக்கரை கொறஞ்சு மயக்கம் வருது போலன்னு நெனச்சேன். சாத்துக்குடி புழிஞ்சுபோட்டு வந்தனுங்க."

ஜெபராணிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்த வினைக்காலத்தில் 'நான்' என்ற வடிவம் 'க ஜ்யூஸ்' என்றுதான் தொடங்கும். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"அது ஜூஸ் இல்லீங்க. பிரெஞ்சு. நடக்காம போனதச் சொல்றதுக்குன்னு தனியா வெச்சிருக்காங்க, அதப் படிக்கறேன்."

"நடக்காததுக்கா?" ராசாத்தாள் யோசித்தார். "நம்மூர்ல போயிருந்தா, வந்திருந்தா அப்படின்னு ஒரே வார்த்தைல சொல்லிப்போடுவோமுங்களே. அதுக்கு இத்தன பாடுங்களா?"

"பாடுதானுங்க."

"செரி, படிங்க. ஜூஸக் குடிச்சுப்போட்டுப் படிங்க."

உள்ளே வாங்க என்று ஜெபராணி சொல்லவில்லை. கிரில் கதவில் நின்றபடியே குடித்து, டம்ளரை உள்ளே போய்க் கழுவி வந்து திருப்பிக் கொடுத்தார். ராசாத்தாள் ஒரு நிமிடம் அங்கேயே நின்றார். "வாரேனுங்க" என்று இறங்கிப் போனார். கதவைச் சாத்திய பிறகுதான், அந்த அம்மாள் பேச்சுத் துணைக்காகவும் வந்திருக்கலாம் என்று ஜெபராணிக்குத் தோன்றியது. போய்க் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. தனியாகவே இருந்து பழகியவருக்கு அதெல்லாம் சட்டென்று வராது.

டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்பு, ஜெபராணி குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் உயிர் போகிற வலி. போன் சாப்பாட்டு மேசை மேல் இருந்தது. கத்தினால் யாருக்காவது கேட்கும். ஆனால் இருந்த கோலத்தில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வெகுநேரம் கத்தாமலே கிடந்தார். எட்டிப் பிடித்து ஒரு துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்ட பிறகு கத்திப் பார்த்தார். அப்போது குரல் எழும்பவில்லை.

ஏழரை மணிக்கு அழைப்புமணி அடித்தது. பிறகு கதவைத் தட்டும் சத்தம்.

"டீச்சரம்மா! இன்னைக்குச் சத்தமே காணமுங்களே! ஊருக்குப் போறதா இருந்தாச் சொல்லியிருப்பீங்களே!"

ஜெபராணி கையில் கிடைத்த தண்ணீர் மக்கை எடுத்துச் சுவரில் தட்டினார். வெளியே ராசாத்தாளின் காலடி படிகளில் தடதடவென்று இறங்கியது. வாட்ச்மேன் ரசாக் கடப்பாரையோடு வந்து பூட்டை நெம்பினார். கதவு திறந்ததும் ராசாத்தாள் அவரை வாசலிலேயே நிறுத்தினார். "நீங்க அங்கயே இருங்க பாய்" என்று சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே வந்து, கொடியிலிருந்த சேலையை எடுத்து ஜெபராணியை முழுக்கச் சுற்றிவிட்டார். அதற்கப்புறம்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

இடுப்பில் ஆபரேஷன். தம்பி நான்கு நாள் இருந்துவிட்டு, லீவு இல்லை என்று கிளம்பினான். ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளும் ராசாத்தாள் பஸ் ஏறி வந்தார். ஒருநாள் ரசம், ஒருநாள் அரிசிம்பருப்புச் சாதம். ஜெபராணி சாப்பிடும்வரை எதிரே உட்கார்ந்திருப்பார். ஒரு மத்தியானம் ஜெபராணி, யாரிடமும் சொல்லாத ரெஜினா கதையை அவரிடம் சொன்னார். பதில் போடாததையும் சொன்னார்.

"பொறாமைதானுங்க எனக்கு" என்றார்.

"இருக்காதா பின்ன?" என்றார் ராசாத்தாள். "இப்ப ஒண்ணு எழுதிப்போடறதுக்கென்ன?"

வீட்டுக்கு வந்ததும் ஜெபராணி எழுதினார். கைவசம் இருந்தது பழைய கடித உறையில் இருந்த முகவரிதான். மூன்று பக்கம், எளிய பிரெஞ்சில், நடந்ததை மட்டும் எழுதினார். அதே வாரம் அக்ஷயாவுக்கும், அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை, இப்போது தெரியும் என்று தொடங்கி அந்தக் கூரைக் குறியைப் பற்றி விளக்கமாக அனுப்பினார். அவள் ஒரு கைகூப்பும் படத்தைப் பதிலாக அனுப்பினாள்.

கோடையில் கதிர்வேலுக்கு பெங்களூருக்கு மாற்றல் வந்தது. அதுவரை தினமும் பதினொரு மணிக்கு ராசாத்தாள் மேலே வந்துகொண்டிருந்தார். இருவரும் காய் நறுக்குவார்கள். பேசாமலும் இருப்பார்கள். கிளம்பும் நாளில் ராசாத்தாள், "பத்தரமா இருங்க அம்மணி" என்று மட்டும் சொன்னார். சாமான் வண்டி போன பிறகு ஜெபராணி வெகுநேரம் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கீழ்வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் கதவைத் திறப்பதேயில்லை.

ரெஜினாவுக்கு எழுதிய கடிதம் ஜூலையில் திரும்பி வந்தது. இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். அன்று முழுதும் ஜெபராணி சமைக்கவில்லை. உறையைப் பிரிக்காமலே பைபிளுக்குள் வைத்தார். நோட்டையும் எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ராசாத்தாள் போன் செய்தார்.

"இங்க யாரு பேசறதும் வெளங்கலீங்க டீச்சரம்மா. பதினாலாவது மாடி. கீழ பாத்தாத் தல சுத்துது. ஒரு நடை வந்துபோட்டுத்தான் போங்களேன்."

"பாக்கலாமுங்க. இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு..."

"செரிங்க" என்றார் ராசாத்தாள். போனை வைத்துவிட்டார்.

ஜெபராணி அங்கேயே உட்கார்ந்திருந்தார். பாக்கலாம் என்று தான் சொன்ன விதம் அவருக்கே பிடிக்கவில்லை. பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்து, போனில் தட்டுத்தடுமாறித் தானே டிக்கெட் போட்டார். தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பான்.

புதன்கிழமை காலை ரயிலில், கைத்தடியை மடியில் சாய்த்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். சோமனூர் தாண்டியதும் எதிர் சீட்டில் இருந்த பெண் பேச்சுக் கொடுத்தாள்.

"பெங்களூருங்களாம்மா? மகன் வீட்டுக்கா?"

"இல்லம்மா" என்றார் ஜெபராணி. "என் சிநேகிதி வீட்டுக்கு."