யாராச்சும் அழுவுறாங்களா?

பால் பொங்கி அடுப்பில் வழிகிறது. வெற்றிச்செல்வி கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாதத்தின் இரண்டாவது செவ்வாய் கழிந்த புதன்கிழமைக் காலை என்றால், பெரம்பலூர் துறைமங்கலத்தில் அந்த வீட்டில் பால் வழிந்தே தீரும். கணினிகளுக்கான மாதாந்தர அப்டேட் முந்தின இரவுதான் வந்திருக்கும். அதை அவசரப்பட்டுப் போட்ட எவன் உலகத்தின் எந்த மூலையில் புலம்புகிறான் என்று அவர் தேடிக்கொண்டிருப்பார். "நல்லாருக்குன்னு எவனும் எழுத மாட்டான். யாராச்சும் அழுவுறாங்களான்னுதான் பாக்கணும்" என்பார். யாரும் அழவில்லையென்றால் அதற்கும் ஒரு கவலை. "இன்னும் எவனும் போட்டே பாக்கல போலருக்கு."

வெற்றிச்செல்விக்கு வயது நாற்பத்தொன்று. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலுமாகப் பதினோரு பொதுச்சேவை மையங்களின் கணினிகளுக்கு அவர்தான் வைத்தியர். சம்பளம் கொடுப்பது அந்த மையங்களை ஆள் வைத்து நடத்தும் ஒரு சின்னத் திருச்சிக் கம்பெனி. அந்தச் சம்பளத்தில்தான் மகள் இலக்கியா நர்சிங் படிக்கிறாள். கணினியில் எந்தக் கோளாறு வந்தாலும் அதற்கென்று ஒரு திருத்தம் எங்காவது வந்திருக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் நீளமாக ஒரு நம்பர் இருக்கும். திருத்தம் என்ற சொல்லெல்லாம் அவர் வாயில் வராது. சைக்கிள் டியூபுக்குச் சொல்வதுபோல ஒட்டு என்றுதான் சொல்வார். "அந்த ஒட்டு போட்டாச்சா? இந்த ஒட்ட எடுத்தாச்சா?"

இரண்டு இலக்க எண்ணை அவர் சேர்த்துச் சொல்லி மூன்று வருடமாகிறது. திருமழபாடியில் நந்தி கல்யாணத் திருவிழாவன்று, மைக்செட் அலறிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த ஊர் மையத்துக்குப் போன் போட்டு, "கடைசில அம்பத்தாறுன்னு முடியும் பாருங்க, அத எடுத்துருங்க" என்றார். அந்தப் பக்கம் எம்பத்தாறு என்று காதில் விழுந்தது. எடுத்துவிட்டார்கள். மூன்று நாள் அந்தக் கணினி எழுந்திருக்கவே இல்லை. கம்பெனி மேலாளர் ராஜராஜன் மரியாதையாகத்தான் சொன்னார்: "இன்னொரு தடவ உங்களால ஒரு சென்டர் படுத்துச்சுன்னா, வேற ஆளப் பாக்க வேண்டியிருக்கும்ங்க மேடம்." அன்றிலிருந்து அஞ்சு ஆறு, எட்டு ஆறுதான். வயதைக் கேட்டால் "நாலு ஒண்ணு." ஒருமுறை வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தபோது ஓட்டலுக்குப் போய், "ஒண்ணு ரெண்டு இட்லி கட்டுங்க" என்றார். கடைக்காரர் இரண்டு இட்லியைக் கட்டிக் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு கேட்டேன் என்று இவர் மல்லுக்கு நின்றதை இலக்கியா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

எந்த ஒட்டையும் ஒரு வாரம் ஆறப்போடுவார். பிறகு பதினொன்றில் ஒரே ஒரு கணினியில் மட்டும் போட்டுப் பார்ப்பார். அந்த ஒன்று எப்போதும் செந்துறையில் மேகலா நடத்தும் மையத்தினுடையது. மேகலா கேள்வி கேட்க மாட்டாள் என்பதுதான் காரணம். நினைத்தால் அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அவளிடம் சொன்னதில்லை.

இந்த மாதமும் அப்படித்தான். ஒரு வாரம் கழித்து வியாழக்கிழமை சாயங்காலம், பெரம்பலூரில் உட்கார்ந்தபடியே செந்துறைக் கணினிக்குள் நுழைந்து போட்டுவிட்டார். மறுநாள் மக்காச்சோளத்துக்குப் பயிர்க் காப்பீடு பதியக் கடைசி நாள் என்பது தெரியாமலில்லை. எப்படியும் தேதியைத் தள்ளிவைப்பார்கள் என்று நினைத்தார். இந்தத் தடவை தள்ளிவைக்கவில்லை.

காலை ஒன்பது மணிக்கு மேகலாவின் போன் வந்தது.

"அக்கா, ரேகை வைக்கிற மிசின கம்ப்யூட்டர் தெரியலங்குதுக்கா. என் கட்டவிரல வச்சாத்தான அந்தக் காப்பீட்டுப் பக்கமே தொறக்கும்? வெளில ஆளுங்க நிக்கிறாங்க. நேத்து மூடுறப்ப நான் எதையாச்சும் தெரியாம அமுக்கிட்டனாக்கா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "இரு, வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கணினி படுத்துவிட்டால் இங்கிருந்தபடி எழுப்ப முடியாதே என்று பஸ் ஏறினார்.

அரியலூரில் மாறி, செந்துறை பஸ்ஸில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகையில் கைப்பேசியைத் துழாவிக்கொண்டே போனார். ரேகைக் கருவிக் கோளாறுக்கென்றே அவசரமாக ஒரு ஒட்டு அன்று விடியற்காலையில் வந்திருந்தது. போட்டுப் பார்த்தவர்கள் இரண்டே பேர். சரியாகிவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர், கணினியே போச்சு என்று அழுதிருந்தார். மகளின் அடுத்த இரண்டு வருடப் படிப்பும், முகம் தெரியாத பலரின் சோளக்கொல்லையும் அந்த இரண்டு பேரின் பேச்சில் தொங்கிக்கொண்டிருந்தன.

மையத்தின் வாசலில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். முன்னால் நின்ற சாமிதுரை மேகலாவைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, மிசின ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதா? போன வருசம் படைப்புழு தின்னுட்டுப் போச்சு. இன்னக்கி வுட்டா இந்த வருசமும் நாமம்தான். அரியலூர்ல டோக்கன் முடிஞ்சிருச்சாம், எம் மச்சான் போன் பண்றான்."

"என் தப்புதான் பெரியப்பா, செத்த பொறுங்க" என்று மேகலா கண்ணைத் துடைத்தாள்.

வெற்றிச்செல்வி யார் முகத்தையும் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் நேற்றுப் போட்ட ஒட்டை எடுக்கப் பார்த்தார். எடுக்க முடியாது என்று வந்துவிட்டது. மீதி இருந்தது அந்த விடியற்காலை ஒட்டுதான். அதன் நம்பரை ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். மேகலாவைத் திருப்பி வாசிக்கச் சொன்னார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகுதான் அமுக்கினார்.

சதவீதம் கிடுகிடுவென ஏறியது. எழுபத்துநாலில் போய் நின்றுவிட்டது. கால் மணி நேரமாயிற்று, அரை மணி நேரமாயிற்று. வெள்ளிக்கிழமையாயிற்றே, சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் நடை திறந்திருக்குமே என்ற நினைப்பு வந்து, அந்தத் திசை எதுவென்று தெரியாமல் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஒரு தடவ அணச்சுட்டுப் போடுங்க மேடம்" என்றார் சாமிதுரை. "எங்கூட்டு டிவி அப்பிடித்தான் வரும்."

"தொட்டீங்கன்னா பாருங்க!" என்று வெற்றிச்செல்வி போட்ட சத்தத்தில் வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

திரை திடீரென்று இருண்டது. வெகுநேரம் இருண்டே கிடந்தது. அப்புறம் மெல்ல வெளிச்சம் வந்து, வழக்கமான படம் வந்தது. மேகலா கட்டைவிரலைத் துடைத்துக் கருவிமேல் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

கூட்டம் முண்டியடித்து உள்ளே வந்தது. சாமிதுரை தன் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது மணி ஒன்று. சாயங்காலத்துக்குள் எல்லோரையும் முடித்துவிடலாம். வெற்றிச்செல்வி அப்போதுதான் தண்ணீர் குடித்தார். இனி இதை யாரும் கிளற மாட்டார்கள். கிளறினாலும் மேகலாவே பழியை ஏற்றுக்கொண்டாயிற்று. அந்த நிம்மதி அவருக்குப் பிடிக்கவும் இல்லை, விட மனமும் இல்லை.

அப்போது மேகலாவின் போன் அடித்தது. அழைத்தது ராஜராஜன். காலையிலிருந்து மையம் ஏன் நின்றது என்று கேட்கிறார். அவள் ஒரு கையால் சாமிதுரையின் விரலைக் கருவியில் அழுத்திப் பிடித்தபடி, மறுகையால் போனைக் காதில் வைத்துப் பதில் சொன்னாள்.

"என்னாலதான் சார். நேத்து மூடறப்ப எதையோ அமுக்கிட்டேன். வெற்றிக்கா வந்துதான் சரி பண்ணுனாங்க."

அந்தப் பக்கத்துக் குரல் பக்கத்தில் நின்ற வெற்றிச்செல்விக்கும் கேட்டது. "தெரியாம அமுக்குறவங்கள நம்பி எப்பிடிம்மா சென்டர வுடுறது? வேற ஆளுகிட்ட மாத்திர வேண்டியதுதான்."

மேகலாவின் முகம் செத்துவிட்டது. சாமிதுரையின் விரலைப் பிடித்த பிடியை மட்டும் அவள் விடவில்லை.

வெற்றிச்செல்வி ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். குனிந்து, மேகலாவின் காதிலிருந்த போனை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டார்.