ஆற்றோர வீட்டைப் பார்த்துப் பொருமிய நாட்கள்

எண்பதுகளின் தொடக்கம். கோலா தெர்லா என்ற மலையூரில் முட்டைக்கோஸ் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தோம். என் கணவரின் அண்ணன் ஆற்றோரத்துச் சமதரையில் கல்வீடு கட்டியிருந்தார். பளபளவென்று சிமெண்டுத் தரை; வாசல்வரை லோரி வரும். பக்கத்து நிலத்தில் நாங்களும் கட்ட நினைத்தோம். லேண்ட் ஆபீஸ் அதிகாரி வந்து பார்த்துவிட்டு ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"ஆத்தோரம் இனிமே கட்ட விடமாட்டாங்கம்மா. கட்டினாலும் வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது. மேட்டுல கட்டுங்க."

"அவங்க மட்டும் கட்டலாமா?"

"அது ரூல் வர்றதுக்கு முந்தி கட்டினது லா."

வேறு வழியில்லாமல் மேட்டில் பலகை வீடு போட்டோம். தண்ணீர் தூக்கிக்கொண்டு ஏறும்போதெல்லாம் கீழே அந்த வீட்டுக் கூரை கண்ணில் படும். என் ஓரகத்தியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா ஐஸ்பெட்டி வாங்கிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் துணிக்கு முன்னால் அவர் துணி காய்ந்துவிட்டால்கூட வயிறு எரியும். நல்ல மனுஷி அவர். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. ஒரு மதியம், பிள்ளைகள் பள்ளியில். ஆண்கள் காய்கறி ஏற்றிக்கொண்டு பிரிஞ்சாங் டவுனுக்குப் போயிருந்தார்கள். மேட்டிலிருந்து பார்த்தால், ஆறு செம்மண் நிறத்தில் மரங்களை உருட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குள் நுழைகிறது. விழுந்தடித்து ஓடினேன். அக்கா முழங்கால் தண்ணீரில் நின்று ஐஸ்பெட்டியை மேஜைமேல் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமான் கெடக்கட்டும்கா, வாங்க!"

"ஒரு கை பிடி, தூக்கிடலாம்!"

அதற்குள் பின்கதவு பெயர்ந்து உள்ளே விழுந்தது. அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மேடேறினேன். திரும்பிப் பார்க்கும்போது சமையற்கட்டுச் சுவர் சரிந்தது. பிறகு கூரை.

என் அடுப்பருகே ஈரச் சேலையோடு உட்கார்ந்த அக்கா, பலகைச் சுவரையும் ஒழுகாத கூரையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நீ குடுத்து வச்சவடி" என்றார்.

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளும் எனக்குள்ளே பேசிக்கொண்டிருந்த குரல்தான் அது. அவர் வாயால் அப்படி ஒரு வார்த்தை கேட்கமாட்டோமா என்று எவ்வளவோ ஏங்கியிருக்கிறேன். கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்றைக்கும் யாராவது என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் எனக்குப் பெருமை வருவதில்லை. பாவம், எதை இழந்துவிட்டு நிற்கிறார்களோ என்றுதான் தோன்றுகிறது.