மண்டோருக்கு மூன்று நாளைக்கு ஓர் இறால்

லோகேஸ்வரி சுங்கை காடுட் கையுறைத் தொழிற்சாலை வேலைக்குப் பஸ்ஸில் போய்வந்தவள். அவள் கணவர் ஹேமநாதன் செண்டாயான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர். தோட்டத்தில் பாதி வீடமைப்புப் பகுதியாகிவிட்டது; மிச்சப் பாதியின் ஓரத்தில் அவர்கள் வீடு. மகள் விமலா ஜொகூரில் வேலையாக இருந்தாள்.

சும்மா உட்காரத் தெரியாத மனிதர், கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல்மீன் வளர்க்கத் தொடங்கினார். மாதம் இரண்டு தடவை போர்ட்டிக்சன் போய்ப் பெரிய பிளாஸ்டிக் தோம்புகளில் கடல் தண்ணீர் கொண்டுவருவார். சிரம்பான் மீன் கடையிலிருந்து ஒரு பவளப்பாறைத் துண்டு வாங்கிப் போட்டபிறகு, ஒரே வாரத்தில் இரண்டு நீல மீன்களைக் காணோம். வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார், தரையெல்லாம் தேடினார். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த லோகேஸ்வரிதான் கண்டுபிடித்தாள்.

"ஏங்க, இங்க வாங்களேன். கல்லுல ஒட்டியிருக்கிற இந்த மஞ்சப் பஞ்சு என்னையே பாக்குது."

ஹேமநாதன் பூதக்கண்ணாடியோடு ஓடிவந்தார். "கைய உள்ள விடாத! கல்மீனா இருந்தா முள்ளு பூரா விஷம்."

இரண்டு நாள் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதன் மேலுதட்டுக்கு மேலே மயிரிழை போல ஒரு தூண்டில் இருந்தது. நுனியில் புழு மாதிரி ஒரு சதைத்துணுக்கு. முன்துடுப்புகளைக் கை போல ஊன்றி அது கல்மேல் நடந்தது. மிச்சமிருந்த ஒரே மீன் பக்கத்தில் வந்ததும் துணுக்கை ஆட்டியது. அடுத்த நொடி மீனைக் காணோம்.

"தவளை மீன், லோகா! கல்மீனுக்கு இந்தத் தூண்டில் கிடையாது!" ஐம்பத்தெட்டு வயது ஆள் கைதட்டிச் சிரித்தார். "நின்ன எடத்துலயே நின்னுக்கிட்டு எல்லார் மேலயும் கண்ணு வைக்குது பாரு. தோட்டத்துல ஆளுங்கள வேல வாங்குற மண்டோரேதான்."

அதுவே பெயராயிற்று. மண்டோரோடு வேறு மீன் விடக்கூடாது. தன் அளவுள்ளதையும் விழுங்கிவிடும். தண்ணீர் வேகமாக ஓடினால் அதற்கு ஆகாது என்று பம்பின் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். தொட்டி கழுவும் நாளில் வலையில் தூக்கமாட்டார். காற்றை விழுங்கினால் செத்துப்போகும் என்று தண்ணீரோடு கிண்ணத்தில் ஏந்துவார். மூன்று நாளைக்கு ஓர் இறால், இடுக்கியால். அதற்கு மேல் இல்லை.

"பசி மாதிரியே பாக்குது, பாவம். இன்னொண்ணு போடுங்களேன்லா" என்பாள் லோகேஸ்வரி.

"வயிறு நெறஞ்சது அதுக்குத் தெரியாது. காட்டினா வாங்கிக்கிட்டே இருக்கும். நாமதான் நிறுத்தணும்."

இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் போர்ட்டிக்சனிலிருந்து காலித் தோம்புகளோடு திரும்பினார். தண்ணீர் எங்கே என்று கேட்டதற்கு விழித்தார். வெயிலில் களைத்துவிட்டார் என்று லோகேஸ்வரி மோர் கலக்கிக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது இறால் உயிரோடு வாங்கி, தனித் தொட்டியில் விட்டார்கள். புதன்கிழமை காலை அதில் ஐந்துதான் நீந்தின. மண்டோர் பந்தாக உப்பி ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. ஹேமநாதன் கையில் இடுக்கி, இடுக்கியில் ஓர் இறால்.

"நேத்து சாயங்காலம் குடுத்தீங்களே!"

"நான் குடுக்கவே இல்ல. எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிக் கத்தியதில்லை. பதில் சொல்ல வாயெடுத்தாள். ரோட்டில் தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சாயங்காலம் வந்தபோது மண்டோர் செத்து மிதந்தது. வாய்க்கு வெளியே ஓர் இறாலின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியை மடியில் வைத்தபடி அவர் அழுதுகொண்டிருந்தார்.

"எதக் குடுத்தாலும் திங்க மாட்டேங்கிறான், லோகா. பட்டினியிலயே செத்துட்டான்."

மறுநாள் அவள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறவில்லை; அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு, தோட்டத்தின் பழைய மரநிரை எண்களை வரிசையாக ஒப்பித்தார் ஹேமநாதன். காலையில் என்ன சாப்பிட்டார் என்று சொல்லத் தெரியவில்லை. மறதி நோய், இனிக் கூடத்தான் செய்யும் என்றார்கள். லோகேஸ்வரி வேலையை விட்டாள்.

தினமும் காலையில் அவர் தொட்டிக்குள் குனிந்து தேடினார். "எந்தக் கல்லுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கான்?" செத்துப்போய்விட்டது என்று சொன்னாள். அப்போதுதான் கேள்விப்பட்டவர் போல அழுதார். மறுநாளும் தேடினார், மறுநாளும் அழுதார். நான்காம் நாள் அவர் குனிந்ததும் அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். பழைய கிராணியின் பார்வை.

"உண்மையச் சொல்லு, லோகா. நான்தான் போட்டுப் போட்டுக் கொன்னுட்டேனா?"

"இல்லங்க, நான்தான்." யோசிக்காமல் வந்துவிட்டது. "பாவமேன்னு தெனமும் போட்டேன்."

"மூணு நாளைக்கு ஒண்ணுன்னு உனக்கு எத்தன தடவ சொன்னேன்?"

"சொன்னீங்க. நான்தான் கேக்கல."

பாதிச் சோற்றில் எழுந்துபோனார். எதுவும் தங்காத மனத்தில் இது மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. அதற்குப்பிறகு அவர் தேடவில்லை. தொட்டியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தபோதும் தடுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் லோகேஸ்வரி மீனைக் கொன்ற கதையைச் சொன்னார்.

தீபாவளிக்கு விமலா வந்தாள். அவளிடமும் சொன்னார்: "உங்கம்மாவ நம்பி ஒரு உயிர விட்டுட்டுப் போக முடியாது. மண்டோரக் கொன்னவ."

விமலாவுக்கு முகம் சிவந்தது. லோகேஸ்வரி தலையசைத்து அவளை அடுப்படிக்கு அழைத்துப்போனாள்.

"ஏம்மா பேசாம இருக்க? நீ ஒண்ணும் பண்ணலையே, அப்பாதான் போட்டாருன்னு போன்ல சொன்னியே."

லோகேஸ்வரி முறுக்கைத் தட்டில் அடுக்கிக்கொண்டே இருந்தாள். "அவரு இத நெனச்சு தெனம் அழறதுக்கு, என்னைத் திட்டிட்டுப் போகட்டும்லா." முறுக்கு டின்னை மூடிவிட்டு, "அன்னிக்கு மீனு வீங்கியிருந்ததப் பாத்தேன். அவரு பேச்சு சரியில்லாததயும் பாத்தேன். பஸ்ஸு போயிடும்னு ஓடினேன் பாரு..." என்றாள்.

கூடத்திலிருந்து ஹேமநாதன் கூப்பிட்டார். தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.