எல்லா ஸ்டாண்டும் ஆடுது

இரண்டு உள்ளங்கைகளையும் மேல்தட்டின் நுனியில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு, உடம்பின் பாரத்தையெல்லாம் கைகளுக்கு இறக்குகிறார். பிறகு ஒரு குலுக்கு. ஸ்டாண்டின் இரும்புக் கை மேலும் கீழுமாக லேசாக அசைகிறது. கண்ணைத் திறக்கிறார். "ஆடுது," என்கிறார், கையும் களவுமாகப் பிடித்துவிட்டவர் போல.

அந்த இசைக்கருவிக் கடையில் அவருக்குப் பூகம்பம் என்று பெயர். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவருடைய வழுக்கைத் தலை தெரிந்ததுமே விற்பனையாள் கல்லாப் பக்கம் திரும்பி, "பூகம்பம் வருது, கிட்டாரையெல்லாம் பிடிச்சுக்குங்க," என்று குரல் கொடுப்பான். அவருக்கு வேண்டியது, கீபோர்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொள்ளும் இரண்டு தட்டு ஸ்டாண்டு. கத்தரிக்கோல் மாதிரி விரியும் கால்கள் உள்ளது, மேசை போல நான்கு காலில் நிற்பது, இசட் எழுத்தைப் போல வளைந்தது என்று கடையிலிருக்கும் எல்லாவற்றையும் குலுக்கிப் பார்த்தாயிற்று. இந்த வாரம் பார்த்ததை மறந்தவர் போல அடுத்த வாரமும் வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

"சார், இதுல ஒரு ஆளே ஏறி நிக்கலாம்," என்பான் விற்பனையாள்.

"ஆள் நிப்பான். வாசிக்க முடியுமா?"

"மேல்தட்டு சாயற அளவையும் மாத்திக்கலாம். கீழ இருக்கிற கீபோர்டோட பட்டனெல்லாம் மறைக்காம கைக்கு எட்டும்."

"எட்டும். ஆடுதே."

அவர் கதவைத் தாண்டுமுன்பே கடைப் பையன்களிடம், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்பான். அது அவர் காதில் விழாமலில்லை. விழுந்தது விழுந்தபடியே கிடக்கட்டும் என்று படியிறங்கிவிடுவார்.

ஆட்டம் என்பது பொதுவாகவே அவருக்கு ஆகாது. தேநீர்க் கடையில் மேசை ஆடினால், டம்ளரில் வாய் வைக்குமுன் சட்டைப்பையிலிருந்து பழைய பேருந்துச் சீட்டை எடுத்து நாலாக மடித்து மேசைக் காலுக்குக் கீழே செருகுவார். பல் மருத்துவர் வீட்டு வரவேற்பறையில், உறவுக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், வங்கியில் எழுதும் பலகையில் என்று அவர் செருகிய சீட்டுகள் ஊரெல்லாம் இருக்கின்றன. "பூமிகூடத்தான் சுத்துது, அதுக்கும் ஒரு சீட்டை மடிச்சு வைங்களேன்," என்பாள் மனைவி. அவருக்குச் சிரிப்பு வராது. அப்படி ஒரு வசதி இருந்தால் வைத்திருப்பார்.

ஓட்டல் கூடங்களிலும் கம்பெனி விருந்துகளிலும் வாசிக்கும் ஒரு மெல்லிசைக் குழுவில் அவர் முதல் கீபோர்டு. புல்லாங்குழல், எக்காளம், மணியோசை என்று முன்னால் தெரியும் சத்தமெல்லாம் அவருடையது. அவருக்குப் பின்னால் இரண்டாவது கீபோர்டில் உட்கார்ந்து வயலின் கூட்டத்தை நீளநீளமாக இழுப்பது மச்சினன், மனைவியின் கடைசித் தம்பி. அவன் வாசிப்பதைச் சாப்பிடுகிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை. அவன் நிறுத்தினால் மட்டும், விளக்கு மங்கிவிட்டதோ என்பது போல ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

குழுவை நடத்துகிறவரை எல்லோரும் முதலாளி என்பார்கள். ஒருநாள் ஒலிபெருக்கிக் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவர் பூகம்பத்தைத் தனியாகக் கூப்பிட்டார். "ரெண்டு தட்டு ஸ்டாண்டு ஒண்ணு எடுத்துடுங்க. ரெண்டையும் நீங்களே வாசிச்சிடலாம். உங்க இடது கை சும்மாதானே கெடக்குது."

"அப்போ தம்பி?"

"உங்க வீட்டு ஆள். நீங்களே பக்குவமா சொல்லிடுங்க." முதலாளி கம்பியை முழங்கையில் சுற்றிக்கொண்டே பேசினார். "முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஏற்பாடு பண்ணிக்கறேன். ரெண்டு கையாலயும் வாசிக்கிறவனுக்கா பஞ்சம்?"

குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்ததாம். ஆளை எடுப்பது முதலாளி. அதை வீட்டில் சொல்ல வேண்டியது இவர். அதற்கான இரும்பையும் இவரே கடை கடையாகப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். மச்சினனுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. புதிதாகப் பிடித்த வாடகை வீட்டின் ஜன்னலுக்கு இன்னும் திரைகூட வாங்கவில்லை. "தம்பிக்கு இப்பதாங்க ஒரு நிலை வந்திருக்கு," என்று மனைவி அன்று ராத்திரி தட்டில் சோறு போட்டுக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னாள். இவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

அந்தப் பேச்சுக்கு மறுநாள் மனைவி வெளியே போன நேரம் பார்த்து, சாப்பாட்டு மேசைமேல் ஒரு கீபோர்டும், அதற்குப் பின்னால் உயர்த்தி நிறுத்திய இஸ்திரிப் பலகைமேல் இன்னொன்றுமாக வைத்து, வலக்கையால் தன் பாகத்தையும் இடக்கையால் மச்சினன் பாகத்தையும் வாசித்துப் பார்த்தார். முடியாது என்று முதலாளியிடம் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும் என்று நம்பித்தான் உட்கார்ந்தார். இடது கை ஒரு பிழையும் விடவில்லை. சொல்லப்போனால் மச்சினனைவிடச் சுத்தமாக வாசித்தது. அவனுக்குத் தாளத்தில் ஒரு மயிரிழை பின்தங்கும் பழக்கம் உண்டு, அதை இத்தனை காலமாக இவர்தான் மூடி மறைத்து வந்திருக்கிறார். இனி அந்தத் தொல்லை இல்லை என்று ஒரு நினைப்பு வந்தது. நினைப்பு கசந்தது. கசந்தாலும் உடனே துப்பிவிடவில்லை என்பதுதான் அவரை வதைத்தது. மனைவி வருவதற்குள் இஸ்திரிப் பலகையை மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்குத் தோன்றிய ஒரே வழி, ஸ்டாண்டு கிடைக்காமலிருப்பது. "எல்லாம் ஆடுதுங்க," என்று முதலாளியிடம் வந்து சொல்வார். "மேல இருக்கிறது சரிஞ்சு கீழ இருக்கிறது மேல விழுந்தா ரெண்டும் போச்சு." இவர் வீட்டில் வைத்திருந்தாலும் இரண்டு கீபோர்டும் முதலாளியுடைய சொத்து. "அய்யய்யோ, நல்லதாவே பாருங்க," என்பார் அவர். அடுத்த நிகழ்ச்சிக்கும் மச்சினன் பின்னால் உட்கார்ந்து வயலினை இழுப்பான். இருதலைக்கொள்ளி எறும்புக்கு அது ஒரு வாரத்து ஆறுதல். ஆட்டமே ஆகாத மனிதர் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

முதலாளியின் பொறுமை எத்தனை நாளைக்கு? சென்ற வாரம் இவர் கடையில் மேசை ரக ஸ்டாண்டின் முன் நின்று கண்ணை மூடியிருந்தபோது, பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால் மச்சினன்.

"நீ எங்க மாப்ள இங்க?"

"முதலாளி அனுப்பினாரு. மாமாவுக்கு ஸ்டாண்டு பாக்கத் தெரியல, நீ போய் எடுத்துக் குடுன்னாரு."

இவருடைய கைகள் இரும்பு நுனியிலேயே இருந்தன. விற்பனையாளுக்கு ஒரு துணை கிடைத்த சந்தோஷம். "நீங்களாவது சொல்லுங்க சார். இவரு எதைத் தொட்டாலும் ஆடுதுன்றாரு."

மச்சினன் ஸ்டாண்டைப் பார்த்தான். பிறகு அவருடைய கைகள் ஊன்றியிருந்த இடத்தைப் பார்த்தான். நிகழ்ச்சிதோறும் ஸ்டாண்டுகளைத் தோளில் தூக்கி வந்து பூட்டிக் கழற்றுகிறவன் அவன்தான்.

"எப்பவும் இங்கதான் அமுக்கிப் பாப்பீங்களா மாமா?"

அவர் ஸ்டாண்டில் தொங்கிய விலைச்சீட்டைப் பார்த்தார்.

"இந்த நுனியில அமுக்கினா எந்த ஸ்டாண்டுதான் ஆடாது? கீபோர்டு உக்கார்றது அங்க, தட்டைத் தாங்கற தண்டுப் பக்கத்துல."

விற்பனையாள் வாயைத் திறந்தான். பிறகு என்ன தோன்றியதோ, கல்லாப் பக்கம் போய்விட்டான். கடையில் யாரோ ஒரு சின்னப் பெண் எங்கோ ஒற்றை விரலால் பியானோவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் மாமா," என்றான் மச்சினன். "உங்க இடது கை சும்மாத்தான் கெடக்குதுன்னு முதலாளி என்கிட்டயும் சொல்லிட்டாரு."

"நான் இன்னும் ஒத்துக்கலடா."

"நீங்க ஒத்துக்கலன்னா உங்களையும் மாத்திடுவாரு. ரெண்டு வீட்லயும் அடுப்பு அணையணுமா?" குரலில் கோபமில்லை. கோபமிருந்தால் இவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நானே சொல்லிக்கிறேன். நீங்க சொன்னா உங்க மேல பாயும்." ஒரு கணம் நின்று, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்: "வாசிச்சுப் பாத்தீங்களா? ரெண்டும் வருதா?"

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் அவனுக்கு ஒரு மரியாதையாகக்கூட இருந்திருக்கும். வாய் வரைக்கும் வந்ததுதான்.

"வருது," என்றார்.

மச்சினன் தலையாட்டினான். பிறகு அவருடைய இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்து, நுனியிலிருந்து எடுத்து, தண்டுப் பக்கம் கொண்டுபோய் வைத்தான். தன் கைகளை அவற்றின்மேல் வைத்து, உடம்பின் பாரமெல்லாம் இறங்கும்படி அழுத்தினான். ஸ்டாண்டு அசையவில்லை.

"ஆடல பாருங்க," என்றான்.

கைகளை எடுத்துக்கொண்டான். அளவு எதுவும் கேட்காமல், மேல்தட்டை அவருடைய முழங்கை உயரத்துக்கு ஏற்றிப் பூட்டினான். பிறகு தரையில் மண்டியிட்டு, இடது கை வாசிக்கப்போகும் கீழ்த்தட்டின் திருகை இறுக்கினான். இறுகிய பிறகும், பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் ஒரு சுற்று இறுக்கினான்.